அவர் பெயருக்கு வந்த கவர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோருமே என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எந்தப் படிவத்தை எந்த இணையதளத்தில் ஏற்ற வேண்டும், எந்தச் சான்றுக்கு யாருடைய கையெழுத்து வேண்டும் என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அதில் பாதிக்கு மேல் மாறிவிட்டது. "புதியவர்களுக்காக நாலு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று மையத்தின் பொறுப்பாளர் கேட்டபோது, எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். நன்றாக முடித்துக்கொடுத்த வேலைகளைச் சொன்னால் படித்துவிட்டுப் பாராட்டுவீர்கள். அதனால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகவே நான் கெடுத்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராணுவ மருத்துவமனைகளில் நர்சிங் அசிஸ்டெண்டாகப் பதினேழு வருடம் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகு, புதுக்கோட்டையில் நம்முடைய இந்த உதவி மையத்தில் பத்தொன்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தேன். படையிலிருந்து வந்தவர்களுக்குப் பழைய மருத்துவக் காகிதங்களைத் தேடி வாங்கித் தருவதும், அதைக் கொண்டு சிகிச்சை அட்டைக்கும் ஊனமுற்றோர் பென்ஷனுக்கும் விண்ணப்பிக்க உதவுவதும்தான் அன்றும் நம் வேலை, இன்றும் அதுதான்.

எனக்கு ஒரு திறமை இருந்தது. ராணுவ டாக்டர்களின் கிறுக்கெழுத்தும் சுருக்கெழுத்தும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒருமுறை பொன்னமராவதியிலிருந்து வந்த ஒரு பெரியவரின் காகிதத்தில் மூன்று எழுத்தை மூன்று அலுவலகங்களில் தப்பாகப் படித்து, 'காயம் எதுவும் இல்லை' என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். பீரங்கிச் சத்தத்தால் காது போனதைத்தான் அந்த எழுத்துகள் சொல்கின்றன என்று நான் பார்த்தவுடனே சொன்னேன். அவருக்குக் காது கேட்கும் கருவி கிடைத்தது. அதன் பிறகு, "அந்தக் கவுண்டர்ல இருக்குற சார் படிச்சாத்தான் சரியா இருக்கும்" என்று ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். எனக்கும் அது பிடித்துப்போயிற்று. காகிதத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்கும் வழக்கம் எப்படியோ வந்துவிட்டது.

அந்தக் காலத்தில்தான் சவரிமுத்து வந்தார். ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஒன்பது வருடம் சிப்பாயாக இருந்துவிட்டு, மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவர். பென்ஷன் கிடையாது; பென்ஷன் இல்லாதவருக்குச் சிகிச்சை அட்டையும் கிடையாது. அவர் மகள் அமலா ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அந்தப் பெண்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"அப்பாவுக்குப் பனியில ரெண்டு வெரல் போச்சு சார். அதனாலதான் ஊருக்கு அனுப்பிட்டாங்க. இப்ப சுகர் வேற வந்துருச்சு. அதே கால்ல புண்ணு. ஆறு மாசமா ஆற மாட்டேங்குது. மாத்தி மாத்திக் கட்டுப் போடுறாங்க. ஆர்மி கார்டு இருந்தா பெரிய ஆஸ்பத்திரியில தொடர்ந்து பாக்கலாம்னு பக்கத்து ஊர்ல ஒருத்தர் சொன்னாரு" என்றாள்.

சவரிமுத்துவின் டிஸ்சார்ஜ் புத்தகம் மழையில் நனைந்து காய்ந்திருந்தது. மருத்துவப் பக்கம் படிக்கும்படி இல்லை. "மெடிக்கல் போர்டு எழுதின காகிதம் ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கும். எழுதிக் கேட்டு வாங்கிரலாம்" என்றேன். படிவத்தில் தொடர்பு எண் என்ற இடத்தில் அமலா தன் எண்ணை எழுதினாள். பிறகு மறுபடி மறுபடி அலைய வேண்டாமே என்று, வெற்றுத்தாள் இரண்டில் சவரிமுத்துவிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். அப்போது நாங்கள் எல்லோரிடமும் அப்படித்தான் வாங்குவோம். உதவி என்று நினைத்துச் செய்ததுதான்.

அமலா எதிர்க்கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். அதுவரை வாயைத் திறக்காத சவரிமுத்து மேஜைப் பக்கம் குனிந்தார்.

"சார், அந்தக் காகிதம் வராட்டியும் பரவாயில்லைங்க."

"வந்துரும், நீங்க ஏன் கவலப்படுறீங்க?" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். மகள் வந்ததும் எழுந்து போய்விட்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் எனக்குக் குறிப்பால் உணர்த்தியிருக்கிறார்கள். இவ்வளவு தெளிவாக யாரும் உணர்த்தியதில்லை. காதில் விழுந்தது. ஆனால் நான் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து பழுப்புக் கவர் வந்தது. நம் மையத்தின் முகவரிதான், ஆனால் பெயர் சவரிமுத்துவுடையது. நான் அமலாவின் எண்ணுக்குப் போன் செய்தேன். மறுநாளே இருவரும் வந்துவிட்டார்கள்.

அது நவம்பர் மாதம். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் நேரம். வரிசை வாசல்படியைத் தாண்டி நின்றது. நான் சவரிமுத்துவை உட்காரச் சொல்லிவிட்டுக் கவரைப் பிரித்தேன். இரண்டு நோய்களைப் பதிவு செய்திருந்தார்கள். முதலாவது பனிக்கடி, இரண்டு கால்விரல்கள் நீக்கம். அதற்குப் போட்டிருந்த சதவீதம் பென்ஷன் வரம்பைத் தொடவில்லை. எனக்கு முகம் வாடிப்போயிற்று. இரண்டாவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு நல்ல சதவீதம் போட்டிருந்தது.

"இது இருந்தாத்தாங்க கேஸ் நிக்கும்" என்று சந்தோஷமாகச் சொன்னேன். வழக்கம்போல உரக்கத்தான். "மனநோய்ப் பிரிவுல அஞ்சு மாசம் இருந்துருக்கீங்க. 'பணியால் வந்ததல்ல'ன்னு எழுதியிருக்கான். அப்பீல் போட்டு அதை ஒடச்சிரலாம்."

கவுண்டருக்கு முன்னால் இருந்த பேச்சுச் சத்தம் நின்றது. வரிசையில் இரண்டாவதாக நின்றவர் ஆவூர்ப் பக்கத்துக்காரர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் சவரிமுத்துவைப் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

அமலா என்னிடம், "அப்பாவுக்குக் கால்தானே சார்?" என்று கேட்டாள். காகிதம் மாறி வந்துவிட்டது என்று நான் சொல்லிவிடுவேன் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கேள்வியில் இருந்தது.

சவரிமுத்து துண்டை மடித்துத் தோளில் போட்டார். கையை நாற்காலியில் ஊன்றி எழுந்தார். "வாரேங்க" என்றார். நொண்டிக்கொண்டே அந்த வரிசை முழுவதையும் கடந்து வெளியே போனார். அமலா பின்னால் ஓடினாள். காகிதங்கள் என் மேஜைமேல் கிடந்தன.

அன்று மதியம்வரை நான் யாருக்கும் சத்தமாகப் படிக்கவில்லை. நம் மையத்தில் அப்போது டைப்பிங் வேலை பார்த்த ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள். அதிகம் பேசமாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து, அந்தப் பழுப்புக் கவரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல யார் பேரு சார் போட்டிருக்கு?"

"சவரிமுத்துன்னு."

"அவரு பேருக்கு வந்த கவர நீங்க ஏன் சார் பிரிச்சீங்க?"

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. கவரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த மையத்தில் எனக்கு எத்தனையோ அதிகாரிகள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் யார் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வரும்.

சவரிமுத்து அதற்குப் பிறகு வரவில்லை. மூன்று வாரம் கழித்து அமலா போன் செய்தாள். குரல் மாறியிருந்தது.

"சார், புண்ணு எலும்பு வரைக்கும் போயிருச்சாம். பாதத்த எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் சொல்றாரு. அப்பா என்கிட்டயே சரியாப் பேசுறதில்ல. அந்த அப்பீல் பத்திக் கேட்டா எந்திரிச்சுப் போயிடுறாரு. அவரு கையெழுத்துப் போட்ட பேப்பர் ஒங்ககிட்ட இருக்குல்ல சார்? நீங்களே எழுதி அனுப்பிருங்க. நான் அப்புறமாச் சொல்லிக்கிறேன்."

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு மனிதரின் கால் போய்க்கொண்டிருக்கிறது. மகள் கெஞ்சுகிறாள். கையெழுத்து என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எழுதி அனுப்பினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. சீக்கிரம் அனுப்பினால் சீக்கிரம் அட்டை வரலாம். அனுப்பாவிட்டால், விதிமுறை பேசிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன் என்று ஆகும். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

ஒரு தாளை எடுத்தேன். 'ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள சவரிமுத்து ஆகிய நான்' என்று ஆரம்பித்தேன். இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில், எனக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று எழுத வேண்டும். பேனா நின்றுவிட்டது. 'நான்' என்று எழுதியிருக்கிறேன், ஆனால் அந்த 'நான்' என்பவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு சுருக்கெழுத்துகள் தெரியும், அவ்வளவுதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திருச்சி பஸ்ஸில் ஏறினேன். மாத்தூரில் இறங்கி மினி பஸ் பிடித்து ஆவூர் போய், கோயில் வாசலில் வழி கேட்டுக்கொண்டு நடந்தேன்.

சவரிமுத்து வீட்டு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி லூர்துமேரி, பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சவரிமுத்துவின் முகம் இறுகியது.

"யாருங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

அப்படியானால் இவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மகளும் சொல்லவில்லை. "புதுக்கோட்டையிலேருந்து வாரேன்மா. சாரோட கால் விஷயமா" என்றேன். அந்த விஷயத்தில் நான் சரியாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

சவரிமுத்துவின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "லூர்து, சாருக்கு டீ போட்டுக் கொண்டா. பால் இல்லாட்டி அங்கிட்டு டேவிட் வீட்டுல வாங்கிக்க" என்றார். அந்த அம்மா மடியைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

நான் கவரை எடுத்து அவரிடம் நீட்டினேன். "இது ஒங்க பேருக்கு வந்ததுங்க. நான் பிரிச்சது தப்பு. நாலு பேரு முன்னால படிச்சது அதைவிடத் தப்பு." பிறகு அந்த இரண்டு தாள்களையும் கொடுத்தேன். "இதுல ஒங்க கையெழுத்து இருக்கு. ஒண்ணுல ரெண்டு வரி எழுதிட்டேன். அதுக்கு மேல எழுத எனக்கு உரிமையில்லைங்க. வச்சுக்கங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். "அமலா எழுதச் சொல்லுச்சா?"

"கேட்டாங்க."

"அதுக்குப் பயம்" என்றார். தாள்களை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "சார், பாத்த ஒடனே அந்தச் சுருக்கெழுத்தப் படிச்சீங்களே. அந்த மாதிரி வார்டுல வேல பாத்தவங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசம் பாத்தேங்க. நீங்க இருந்த ஆஸ்பத்திரி இல்ல. வேற."

"வார்டுக் கதவுச் சாவி?"

"என் இடுப்புலதாங்க இருந்துச்சு."

"ஷூ லேஸு?"

"கழுத்துல மாட்டிக்கிறக் கூடாதேன்னு, வந்த அன்னைக்கே உருவி, பேரு எழுதி, டப்பாவுல போட்டு வைப்போம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "எனக்கு அந்த லேஸத் திருப்பியே தரலைங்க. மறந்துட்டாங்க போல. ஊருக்கு வாரப்ப திருச்சி ஜங்ஷன்ல எறங்கி, ஒரு கடையில லேஸ் வாங்கிக் கட்டிக்கிட்டுதான் பஸ் ஏறினேன். லேஸ் இல்லாம வீட்டுக்குப் போனா எங்க அய்யா ஏன்னு கேப்பாருல்ல."

நான் எத்தனை பேருடைய லேஸை உருவியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். டப்பாவில் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. திருப்பிக் கொடுத்தது ஒன்றும் நினைவில் இல்லை. இதை அவரிடமும் சொன்னேன்.

"ஒங்களுக்கு அது வேலைங்க" என்றார். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். உயரமான பனிமலையில் ஒரு காவல் சாவடி. ஏழு பேர். ஒரு காலையில் அடுப்புக்கு மண்ணெண்ணெய் எடுக்க இவர் மட்டும் வெளியே வந்திருக்கிறார். மேலேயிருந்த சரிவு அப்படியே இறங்கிக் கூடாரத்தை மூடிவிட்டது. இவரையும் இடுப்புவரை புதைத்துவிட்டது. உருவிக்கொண்டு வெளியே வந்து, சத்தம் கேட்ட பக்கம் கையால் தோண்டியிருக்கிறார்.

"ஒருத்தர எடுத்தேன். இன்னொருத்தரையும் எடுத்தேன். பெறகு சத்தம் நின்னுபோச்சு. நான் அதே எடத்துலயே தோண்டிக்கிட்டு இருந்தேன் சார். மத்த நாலு பேரும் பத்தடி தள்ளிக் கெடந்துருக்காங்க. நான் தோண்டுன எடம் தப்பு. கீழ இருந்து ஆளுக வந்து என்னயப் புடிச்சு இழுத்தப்பத்தான் பாத்தேன், ஒரு கால்ல ஷூ இல்ல. மொதல்ல நான் உருவிக்கிட்டு வந்தப்பவே பனிக்குள்ள மாட்டிக்கிச்சு போல. வெரலு கறுத்துப் போயிருந்துச்சு."

"இத மெடிக்கல் போர்டுல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலைங்க. கால ஒரு ஆஸ்பத்திரியில பாத்தாங்க. தூக்கம் வராம, அழுதுக்கிட்டே இருக்கான்னு பெறகு வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. அவரு காலப் பத்தி எழுதுனாரு. இவரு தலையப் பத்தி எழுதுனாரு. ரெண்டும் ஒரே காலையில வந்ததுன்னு யாரும் சேத்து எழுதல."

நான் எத்தனையோ காகிதங்களைப் படித்தவன். அந்தக் காகிதத்தில் இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் இருந்தன. ஒன்றில் கையெழுத்தும் சதவீதமும் பார்த்தேன், மற்றதிலும் கையெழுத்தும் சதவீதமும் பார்த்தேன். இரண்டு தேதிகளுக்கும் நடுவில் மூன்றே வாரம்தான் இருந்தது என்பதைப் பார்க்கவில்லை. வழக்கு முழுவதும் அந்த மூன்று வாரத்தில்தான் இருந்தது.

லூர்துமேரி டீ கொண்டுவந்தார். "சீனி போதுமாங்க?" என்று கேட்டார். போதும் என்றேன். மூன்று பேரும் கடலைச் செடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் கிளம்பும்போது சவரிமுத்து மெதுவாகச் சொன்னார். "இவகிட்ட நானே சொல்லிக்கிறேன். சொல்லிட்டு நானே வாரேன். அதுவரைக்கும் நீங்க போன் பண்ண வேணாங்க."

சரி என்று வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பதினொரு நாள். என் வேலைக்காலத்தில் நான் செய்த கடினமான வேலை எது என்றால், அந்தப் பதினொரு நாள் அவர்களுக்குப் போன் செய்யாமல் இருந்ததுதான். அமலா இரண்டு முறை கூப்பிட்டாள். "அப்பா வருவாரும்மா. ஆஸ்பத்திரி வேலை எதையும் இதுக்காக நிறுத்தி வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் வராமலே போனால் என்ன செய்வது என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருநாள், தப்புச் செய்துவிட்டோமோ, எழுதி அனுப்பியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. டைப்பிஸ்ட் பெண் அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தாள். பழைய பேப்பர்க் கட்டுகள் கிடந்த பின்பக்க அறையைக் காலி செய்து, ஒரு மேஜையும் நான்கு நாற்காலிகளும் போட்டுவைத்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் சவரிமுத்து வந்தார், மனைவியோடு. பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் லூர்துமேரிதான் முதலில் பேசினார்.

"இருவத்தஞ்சு வருசமா இவரு தூக்கத்துல பாயத் தோண்டுவாருங்க. கடலை புடுங்குற கனவுன்னு நெனச்சுக்கிட்டேன். எழுப்பிவிட்டா திரும்பிப் படுத்துக்குவாரு. நானும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. சரி, அது எங்களுக்குள்ள இருக்கட்டும். ஆனா எனக்கு முந்தி, ஒங்க வரிசையில நின்னவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க ஊர்க்காரவுக ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. இது என்னங்க நியாயம்?"

"நியாயம் இல்லைங்கம்மா. என் தப்புதான்" என்றேன்.

"ஆமா" என்றார் அவர். அதோடு விட்டார். நான் வேறு ஏதாவது சொல்லியிருந்தால், அவர் எழுந்து போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

சவரிமுத்து சொல்லச் சொல்ல, அந்தப் பெண் டைப் செய்தாள். முடிந்ததும் மெல்லிய குரலில் அவருக்குப் படித்துக் காட்டினாள். 'நான் தோண்டிய இடம் தவறு' என்ற வரி வந்தபோது நான் குறுக்கிட்டேன். "இந்த வரி வேணாங்க. மேல இருக்குறவங்க இத வேற மாதிரி எடுத்துக்குவாங்க."

"இருக்கட்டும் சார்" என்றார் சவரிமுத்து. "அது இல்லாட்டி மத்ததெல்லாம் பொய்யாயிருங்க."

அந்த வரி அப்படியே போயிற்று. முழுவதும் எழுதி முடித்த தாளில், அவரே இன்னொரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. அடுத்த வாரமே பாதத்தின் முன்பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. இரண்டாவதில், அந்தப் பனிச்சரிவைப் பற்றிப் படைப்பிரிவின் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். இறந்த நால்வரின் பெயர்களும், தோண்டி எடுக்கப்பட்ட இருவரின் பெயர்களும், எடுத்தவர் பெயரும் அதில் இருந்தன. இரண்டு நோயும் பணியால் வந்தவையே என்று உத்தரவு வந்தது. பென்ஷன் வந்து, சிகிச்சை அட்டையும் கைக்கு வருவதற்கு இரண்டரை வருடம் ஆகிவிட்டது. மீதிக் காலையாவது ஒழுங்காகப் பார்க்க முடிந்தது. பாதத்துக்கு ஏற்ற ஷூ செய்து கொடுத்தார்கள். தூக்கத்துக்கும் ஒரு டாக்டரிடம் போக ஆரம்பித்தார்.

நான் அன்று உரக்கப் படிக்காமல் இருந்திருந்தால் வீணான அந்த ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும். அந்த ஐந்து வாரத்தில் பாதம் தப்பியிருக்குமா? அட்டை வர ஆன காலத்தைப் பார்த்தால் தப்பியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த ஐந்து வாரமும் அவர் கட்டு மாற்றக்கூடச் சரியாகப் போகவில்லை என்று அமலா பிறகொரு நாள் சொன்னாள். இதை எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நம்மிடம் வருகிற காகிதத்தில் நோயின் பெயர் இருக்கும். அந்த நோயை வீட்டில் எந்தப் பெயர் சொல்லி மறைத்திருக்கிறார்கள் என்பது இருக்காது. ஆகவே கவர் வந்தால், அவரை மட்டும் முதலில் கூப்பிடுங்கள். போன் எண் யாருடையது என்று கேளுங்கள். கூட வந்தவர் மகளாக இருந்தாலும் மனைவியாக இருந்தாலும், "இவங்க இருக்கலாமா?" என்று அவரிடம் தனியே கேளுங்கள். கவுண்டரில் கணினித் திரையை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே ஒருமுறை வெளியே வந்து நின்று பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இப்போது இல்லை என்று சொன்னார்கள். ஆனால் செல்போனில் வரும் ரகசிய எண்ணை, "அட சொல்லுங்க, நானே போட்டுடுறேன்" என்று நீங்கள் கேட்டு வாங்குவதை நானே பார்த்தேன். அதுவும் வெற்றுத்தாள்தான். யாராவது, "வராட்டியும் பரவாயில்லை" என்று சொன்னால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு அவரைப் பாருங்கள்.

அட்டை வந்த அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சவரிமுத்து தனியாகத்தான் வந்திருந்தார். கையில் ஊன்றுகோல் இருந்தது. அன்றும் வரிசை நீளமாகவே இருந்தது. அவரைப் பார்த்ததும் நான் எழுந்து, "உள்ளே வாங்க, அந்த ரூமுக்குப் போயிரலாம்" என்றேன்.

"இங்கிட்டே குடுங்க சார்" என்றார்.

அட்டையைக் கொடுத்தேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நார்த்தாமலைப் பக்கத்துக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவரும் படையில் இருந்து வந்தவர்தான். ஏதோ பேச வேண்டுமே என்று, "காலுக்கு என்னண்ணே?" என்று கேட்டார்.

நான் குனிந்து பதிவேட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"பனியில வெரலு போச்சு. சுகர்ல பாதி பாதம் போச்சு" என்றார் சவரிமுத்து. அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சாதாரணமாக, "தலைக்கும் சேத்துப் பாக்குறேன். அதே பனியில வந்ததுதான் அதுவும். ரொம்ப நாளாத் தூக்கமில்லாம இருந்தேன். இப்பப் பரவாயில்ல" என்றார்.

தன் முறை வந்தும் அந்த மனிதர் கவுண்டருக்கு வராமல், கையிலிருந்த ஃபைலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த டாக்டருண்ணே?" என்று கேட்டார்.

நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எழுந்து பின்பக்கம் போனேன். அவர்கள் பேசி முடிக்கும்வரை திரும்பி வரவில்லை.